ராக் இசைக்கு நடக்கும் சாகச மேடைக்குப் போகிறீர்களா? இதையெல்லாம் தவிருங்கள்

சினிமாவுக்குப் போனால் முதல் வரிசையைத் தவிர்ப்பவர்கள்கூட, ராக் பாட்டுக்குச் சர்க்கஸ் கலைஞர்கள் வித்தை காட்டும் சாகச மேடை நிகழ்ச்சி என்றதும் அடித்துப்பிடித்து முதல் வரிசை டிக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள். காசும் அதிகம், கழுத்துவலியும் அதிகம். இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் பாதி ஆட்டம் தலைக்கு மேலேதான் நடக்கும். பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு ஏறுபவர், கயிற்றில் தொங்கும் பாரைப் பிடித்துப் பறப்பவர் எல்லோரையும் முன்வரிசையில் இருப்பவர் உள்ளங்காலில் இருந்துதான் பார்க்க வேண்டும். கலைஞர்களின் முகமும் வியர்வையும் கிட்டத்தில் தெரியும் என்பது உண்மை. ஆனால் முதல்முறை போகிறவர்களுக்கு, நடுவில் சற்று உயரமான வரிசைகளே சரி. தரையும் தெரியும், ஆகாயமும் தெரியும். பால்கனியில் எடுப்பதாக இருந்தால், விளக்குச் சட்டங்கள் மறைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இருக்கையை ஒலிக்காகவும் பார்க்க வேண்டும், அதைப் பலர் யோசிப்பதே இல்லை. சவுண்ட் மிக்ஸர் மேசை அரங்கில் எங்கே இருக்கிறதோ, அதன் பக்கத்தில் பெரும்பாலும் ஒலி நன்றாக இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தானே எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார்! இதற்கு விதிவிலக்கும் உண்டு. இங்கிலாந்தின் ராக் குழுவான பீட்டில்ஸின் பாடல்களை வைத்து, கனடாவின் சர்க்கஸ் நிறுவனமான சர்க் டு சோலே நடத்திய ‘லவ்’ நிகழ்ச்சியில் மேடை நடுவில், பார்வையாளர்கள் சுற்றிலும். ஒவ்வொரு இருக்கையிலும் ஸ்பீக்கர் பொருத்தி, அரங்கம் முழுக்க ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பீக்கர்கள் வைத்திருந்தார்கள்.

அந்த நிகழ்ச்சி லாஸ் வேகஸின் மிராஜ் ஹோட்டலில் 2006-இல் தொடங்கி 2024 ஜூலையில் முடிந்துவிட்டது. ஆனால் ‘கட்டாயம் பாருங்கள்’ என்று அதைச் சொல்லும் பழைய பயணக் கட்டுரைகள் இணையத்தில் இன்னும் உலவுகின்றன. அவற்றை நம்பிப் பயணத் தேதியை முடிவு செய்யாமல், அரங்கத்தின் சொந்த இணையதளத்தில் பார்த்து, டிக்கெட்டையும் அங்கேயே எடுங்கள்.

அடுத்தது எதிர்பார்ப்பு. இசைத்தட்டில் கேட்ட பாட்டு அப்படியே வரும் என்று நினைத்துப் போகக்கூடாது. ‘லவ்’வுக்காக, பீட்டில்ஸின் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் அவர் மகன் ஜைல்ஸும் அசல் ஒலிநாடாக்களை வெட்டி ஒட்டி, ஒரு பாட்டின் டிரம்ஸ் மேல் இன்னொன்றின் குரலை ஏற்றினார்கள். தீவிர ரசிகர்கள் சிலருக்கு இது பிடிக்காது. எனக்கு இதில் குறையே தெரியவில்லை. பாட்டு மட்டும் போதும் என்றால் வீட்டிலேயே கேட்கலாமே.

கச்சேரி என்று நினைத்து எழுந்து ஆடுவதும், கூடவே உரக்கப் பாடுவதும் இங்கே சரிவராது. பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்பது ஒரு பக்கம். ஒற்றைக் கையில் தலைகீழாக நிற்கும் கலைஞருக்கு, அந்த நேரத்தில் வரும் விசில் எந்த உதவியும் செய்யாது. இசை தணிந்தால் நாமும் தணிய வேண்டும். அவர் இறங்கி நின்றதும் தொண்டை கிழியக் கத்தலாம்.

செல்போன் ஃப்ளாஷ்தான் இருப்பதிலேயே மோசமான தவறு. பாரை விட்டவர் காற்றில் சுழன்று வருகிறார். எதிரில் தலைகீழாகத் தொங்குபவர் அவர் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் கண்ணிமைப்பொழுது. இருட்டில் கண்ணில் அடிக்கும் வெளிச்சம் அந்தப் பிடியைக் கெடுக்கும். சில சமயம் யாரும் எதுவும் செய்யாமலே பிடி தவறி, வலையில் விழுந்து, மறுபடி ஏறி வருவார்கள். அப்போது சிரிக்காதீர்கள், கைதட்டுங்கள்.

தாமதமாகப் போகாதீர்கள். சில நிகழ்ச்சிகளில் மணி அடிக்கும் முன்பே கோமாளிகள் கூட்டத்துக்குள் புகுந்து ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். பிந்தி வருபவர்களைச் சரியான இடைவெளி வரும்வரை வாசலிலேயே நிறுத்திவைப்பதும் வழக்கம். இடைவேளை உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் ஒரே மூச்சில் ஓடுபவையும் இருக்கின்றன.

அப்புறம் காது. 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கப் பணியிடச் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம்தான். ராக் இசைக்கு 100 டெசிபல் பெரிய விஷயமே இல்லை. பஞ்சை உருட்டிக் காதில் வைப்பதால் பெரிய பயனில்லை. முறையான காதடைப்பான் வாங்குங்கள், குழந்தைகளுக்குக் காதை முழுதாக மூடும் வகை நல்லது. வெட்டி வெட்டி மின்னும் விளக்கு வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆகாது. அதனால் முன்கூட்டியே அரங்கத்தில் விசாரியுங்கள். மேடையில் புகைமூட்டமும் வரும். ஆஸ்துமா இருப்பவர்கள் இன்ஹேலரைப் பையோடு வாசலில் ஒப்படைத்துவிடாமல், கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.