டீசல் முள் பொய் காட்டும் லாரியை ஓட்டுவது எப்படி

முள் சரியில்லை என்றால் கிலோமீட்டர் கணக்கை நம்புங்கள். டேங்கை முழுக்க நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் லாரி, 200 லிட்டர் டேங்க் என்றால் 600 ஓடியதுமே பங்க்குக்குப் போய்விட வேண்டும், அதுவும் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் வரிசையில் இன்ஜினை ஓடவிட்டு நிற்பவர்கள் இன்னும் முன்னதாகவே, ஏனென்றால் அங்கே எரியும் டீசல் கிலோமீட்டரில் ஏறாது. சந்தேகமா, சமதளத்தில் நிறுத்தி டேங்கில் சுத்தமான குச்சியை விட்டுப் பாருங்கள்.

பெரும்பாலும் டேங்குக்குள் இருக்கும் மிதவையோ எர்த் ஒயரோதான் காரணம். ஒயரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், செலவு குறைவு.

அப்படியும் வழியில் தீர்ந்துவிட்டால் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், பேட்டரி போய்விடும். லைனில் ஏர் பிடித்திருக்கும். டீசல் ஊற்றி, ஃபில்டரில் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கை பம்பை அடித்து, ஸ்க்ரூவை இறுக்குங்கள், அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.