அம்பாசிடருக்குப் பழைய இஸுஸு இன்ஜின்: ரிவர்ஸ் அரைத்த காரணம்

என் 1978 அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜினை இறக்கிவிட்டு, 1990-களின் அம்பாசிடர்களில் வந்த 1817 சி.சி. இஸுஸு பெட்ரோல் இன்ஜினையும் ஐந்து கியர் கொண்ட பெட்டியையும் சென்னை புதுப்பேட்டையில் ஒரே ஜோடியாக வாங்கிப் பொருத்தினேன். இன்ஜின் நின்றிருக்கையில் எல்லாக் கியர்களும் தடையின்றி விழுந்தன. ஓடும்போதோ, கிளட்சை முழுவதும் மிதித்திருந்தும் ரிவர்ஸ் கரகரவென்று அரைத்தது.

கிளட்ச் லைனில் காற்றெடுத்தோம், மாஸ்டர் சிலிண்டரை மாற்றினோம், பெட்டியை இறக்கிப் புதுக் கிளட்ச் பிளேட்டும் போட்டோம். நான்கு நாள் வீணாயிற்று.

ஐந்தாம் நாள் பெட்டியை மறுபடியும் இறக்கி, இன்ஜினின் சுழற்சியைக் கிளட்ச் வழியாகப் பெட்டிக்குள் கொண்டுபோகும் உள்தண்டின் நுனியை மண்ணெண்ணெயில் துடைத்தபோது, முதல்முறை எண்ணெய்ப் பிசுக்கு மறைத்திருந்த, சூட்டில் நீலம் பாய்ந்த மெல்லிய வளையம் ஒன்று தெரிந்தது. அந்த நுனி உட்காரும் இடம், இன்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் உள்ள பைலட் பேரிங். விரலை விட்டுச் சுழற்றினால் அது அசையவே இல்லை. இன்ஜின் நெடுநாள் திறந்து கிடந்ததில் துருப்பிடித்து இறுகிய அது, பிளேட் விலகிய பிறகும் உள்தண்டை இன்ஜினோடு சேர்த்துச் சுற்றியிருக்கிறது; அதனால்தான் ரிவர்ஸ் அரைத்தது.

புதுப் பேரிங் போட்டதும் ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்தது. அதன் விலை, அவசரப்பட்டு வாங்கிய பிளேட்டின் விலையில் கால்பங்குகூட இல்லை.