பட்டியலில் விடுபட்ட பெயர்: விரிவுரையாளர், நூலகர் சங்கத் தேர்தலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாக்குப்பதிவு முடிய இரண்டு மணி நேரம் இருந்தது. ஒரு விரிவுரையாளர் போன் செய்தார். "எல்லாருக்கும் ஓட்டுப் போடும் லிங்க் வந்துவிட்டதாம். எனக்கு மட்டும் வரவில்லை. என் பெயர் இருக்கிறதா, கொஞ்சம் பாருங்களேன்." தேர்தல் குழுவில் நாங்கள் மூன்று பேர். எக்செல் கோப்பைத் திறந்து தேடினோம். அவர் பெயர் இல்லை. நான்கு ஆண்டுகளாகச் சங்க உறுப்பினர். முந்தைய குளிர்காலப் பருவத்தில் துறை அவருக்கு வகுப்பு கொடுக்கவில்லை. வகுப்பு இல்லையென்றால் சம்பளம் இல்லை; சந்தா சம்பளத்திலிருந்துதான் பிடிக்கப்படும் என்பதால் சந்தாவும் இல்லை. சந்தா வந்தவர்களின் பட்டியலையே நாங்கள் வாக்காளர் பட்டியலாக எடுத்துக்கொண்டிருந்தோம்.

அவருக்கு லிங்க் அனுப்பினோம், ஓட்டுப் போட்டார். போன் செய்யாமல் விட்டவர்களும் இருந்தார்கள் என்பது எண்ணிக்கை முடிந்த பிறகுதான் தெரிந்தது. அது அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் சங்கக் கிளை, பெயர் வேண்டாம். ஆனால் அன்று புரிந்த ஒன்றை இந்தத் துறையில் தேர்தல் நடத்தும் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். நம் தேர்தல்கள் ஓட்டு எண்ணும் மேசையில் கெடுவது அபூர்வம். யாரும் கவனிக்காத அதற்கு முந்தைய ஆறு வாரங்களில்தான் கெடுகின்றன.

விரிவுரையாளரும் நூலகரும் ஒரே சங்கத்தில் இருப்பதற்குப் பலரும் அறிந்த உதாரணம் கலிபோர்னியா பல்கலைக்கழகம். 10 வளாகங்கள், 6,000-க்கும் மேற்பட்ட விரிவுரையாளர்கள், சில நூறு நூலகர்கள். இரு தரப்புக்கும் நிர்வாகத்தோடு தனித்தனி ஒப்பந்தம், ஆனால் சங்கம் ஒன்று: யூசி-ஏஎஃப்டி. 1916-இல் சிகாகோவில் தொடங்கப்பட்ட அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் கிளை அது. பெர்க்லி வளாகத்தில் தமிழ் வகுப்பு எடுப்பதும் விரிவுரையாளர் பணிதான் என்பதால், இது நமக்கு அவ்வளவு தூரத்துச் செய்தியும் இல்லை.

முதலில் பட்டியல். 2018 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜேனஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு, அரசு ஊழியர் யாரையும் அவர் விருப்பமில்லாமல் சங்கத்துக்குப் பணம் கட்டவைக்க முடியாது. சங்கம் பேசி முடிக்கும் ஒப்பந்தம் எல்லாருக்கும் பொருந்தும். உறுப்பினராவது அவரவர் விருப்பம். ஆக நம் கையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. ஒப்பந்தத்துக்கு உட்பட்டவர்கள் யார் என்று நிர்வாகம் தரும் பட்டியல், உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திட்டவர்களின் பட்டியல், இந்த மாதம் சந்தா பிடிக்கப்பட்டவர்களின் பட்டியல். வாக்குரிமை இரண்டாவது பட்டியலிலிருந்துதான் பிறக்கிறது. மூன்றாவது சுலபமாகக் கிடைக்கும், சுத்தமாக இருக்கும், ஆனால் வகுப்பு இழந்தவர்களை ஓசையில்லாமல் வெளியே தள்ளிவிடும். சங்கம் மிகவும் தேவைப்படுவது யாருக்கோ அவர்களைத்தான் அது தள்ளுகிறது என்பதால் எனக்கு இது வெறும் எழுத்தர் பிழையாகத் தெரியவில்லை.

வேலையில்லாத பருவத்தில் உறுப்பினர் தகுதி எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதைச் சங்க விதியில் தெளிவாக எழுதிவையுங்கள். வேட்புமனு தொடங்கும் முன்பே மூன்று பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். பிறகு, "உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது" என்று ஒவ்வொருவருக்கும் தனியாகக் கடிதம் அனுப்புங்கள். கடிதம் வராதவர் அன்றே கேட்பார். திருத்த அவகாசம் இருக்கும். பல்கலைக்கழக மின்னஞ்சலை மட்டும் நம்பாதீர்கள், பணி நியமனம் முடிந்தவுடன் அது முடக்கப்படலாம். சொந்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் கையில் இருக்க வேண்டும்.

தேதி குறிப்பதிலும் இதே கவனம் வேண்டும். கலிபோர்னியாவில் பெர்க்லியும் மெர்செடும் கல்வியாண்டை இரண்டு பருவமாகப் பிரிக்கும் செமஸ்டர் முறையில் நடக்கின்றன. பெரும்பாலான மற்ற வளாகங்கள் மூன்று பருவமாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில். மே மாத நடுவில் ஓட்டுப்பதிவு வைத்தால் ஒரு வளாகத்தில் விடைத்தாள் திருத்திக் கொண்டிருப்பார்கள், இன்னொன்றில் பாதிப் பருவம் ஓடிக்கொண்டிருக்கும். ஜூலையில் வைப்பது அதைவிட மோசம். அப்போது விழும் ஓட்டு ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களின் நண்பர்களுடையதாகத்தான் இருக்கும்.

அடுத்தது "அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது" என்ற பேச்சு. 1959-இல் வந்த அமெரிக்கத் தொழிற்சங்கச் சட்டம் உள்ளூர்ச் சங்கங்களுக்குச் சில குறைந்தபட்ச வரையறைகளை வைக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது தேர்தல், ரகசிய வாக்கெடுப்பு, தேர்தலுக்கு 15 நாள் முன்பே ஒவ்வோர் உறுப்பினருக்கும் அறிவிப்பு, வாக்குச்சீட்டுகளையும் ஆவணங்களையும் ஓராண்டு பாதுகாத்தல். மாநில அரசு ஊழியர்கள் மட்டுமே உள்ள கிளைக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் தேசியக் கூட்டமைப்பு அதற்குள் வருகிறது. அதன் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளை உள்ளூரில் ரகசிய வாக்கில்தான் தேர்வுசெய்ய வேண்டும். கூட்டத்தில் கை தூக்கச் சொல்லி அனுப்பக் கூடாது. கிளைத் தலைவரே பதவி வழியாக மாநாட்டுக்கும் போவார் என்றால் அதை வாக்குச்சீட்டிலேயே தெரியப்படுத்துங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் இந்த அளவுகோலையே வைத்துக்கொள்வது நல்லது. தோற்றவர் கேள்வி கேட்கும்போது காட்டுவதற்கு ஏதாவது இருக்கும்.

வேட்பாளர் தகுதி விஷயத்தில் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்று உண்டு. "கூட்டத்துக்கே வராதவர் எப்படித் தலைவராகலாம்?" என்று கேட்டு, வருகை விதி கொண்டுவருவார்கள். எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் 3489-ஆம் கிளையில் அப்படி ஒரு விதி இருந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளில் பாதிக் கூட்டங்களுக்காவது வந்திருக்க வேண்டும். சுமார் 660 உறுப்பினரில் போட்டியிடத் தகுதி பெற்றவர்கள் 23 பேர். அவர்களிலும் 9 பேர் ஏற்கெனவே பதவியில் இருந்தவர்கள். 1977-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. காலையில் ஒரு கல்லூரி, மாலையில் இன்னொரு கல்லூரி, நடுவில் ஒரு மணி நேரம் நெடுஞ்சாலை என்று ஓடும் விரிவுரையாளரை நினைத்துப் பாருங்கள். மாலை ஐந்து மணிக் கூட்டத்துக்கு அவர் எப்படி வருவார்? உறுப்பினராக இருப்பதே தகுதியாக இருக்கட்டும்.

நூலகர்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். எண்ணிக்கையில் பத்துக்கு ஒருவர்கூட இல்லாத தரப்பு, எல்லாப் பதவிக்கும் எல்லாரும் ஓட்டுப் போடும் தேர்தலில் காணாமல் போய்விடும். வஞ்சனை எதுவும் வேண்டாம், கணக்கே போதும். "நூலகர் பிரதிநிதி" என்று ஓர் இடம் ஒதுக்கிவிட்டு, அதற்கும் விரிவுரையாளர்களே ஓட்டுப் போட்டால், நூலகர்களுக்குப் பிடித்த நூலகர் வரமாட்டார், விரிவுரையாளர்களுக்குப் பழக்கமான நூலகர்தான் வருவார். அந்த இடத்துக்கு நூலகர்கள் மட்டும் வாக்களிக்கட்டும். 2018-இல் கலிபோர்னியா நூலகர்கள் தங்களுக்கும் கல்விச் சுதந்திரம் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதக் கேட்டார்கள். நிர்வாகம் முதலில் மறுத்தது. 2019 ஒப்பந்தத்தில் அது இடம்பெற்றது. எந்த நூலை வாங்குவது, எந்தக் கண்காட்சியை வைப்பது என்று தினமும் முடிவெடுக்கும் ஒருவருக்குத்தான் அந்தக் கோரிக்கையின் அவசரம் தெரியும். வகுப்பறையில் நிற்பவருக்கு அந்தச் சுதந்திரம் காற்றைப்போல இயல்பானது. இல்லாமல் போனால்தான் தெரியும்.

ரகசிய வாக்கு என்று சொல்லிவிட்டுக் கூகுள் படிவம் அனுப்புவதை இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும்படி அமைத்தால் யார் யாருக்குப் போட்டார்கள் என்பது ஒரே வரிசையில் தெரியும். சேகரிக்காமல் விட்டால் ஒருவரே நான்கு முறை போடலாம். "நம்மவர்கள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்பார்கள். வேட்பாளரும் வாக்காளரும் ஒரே துறையில் வேலை செய்பவர்கள். ஒருவருடைய வகுப்பை இன்னொருவர் வந்து பார்த்து எழுதும் அறிக்கை மறுநியமனக் கோப்பில் சேரலாம். அந்த நிலையில் அச்சம் என்பது கற்பனை அல்ல. வாக்காளர் அடையாளத்தையும் வாக்கையும் பிரித்துவைக்கும், வெளியார் நடத்தும் சேவையைப் பயன்படுத்துங்கள். அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள்.

சங்கத்தின் செய்திமடலில் தற்போதைய தலைவரின் படமும் சாதனையும் மட்டும் வருவது, துறையின் மின்னஞ்சல் குழுவில் ஆதரவு கேட்பது, இரண்டும் தவறு. சங்கப் பணத்தையும் முதலாளியின் வசதியையும் எந்த வேட்பாளருக்கும் சாதகமாகப் பயன்படுத்தக் கூடாது.

"போட்டியின்றித் தேர்வு" என்ற செய்தி வந்தால் கைதட்டுவதற்கு முன், வேட்புமனு அறிவிப்பு எத்தனை பேருக்குப் போனது என்று கேளுங்கள். வேட்பாளர்களைத் தேடும் குழு பெரும்பாலும் தனக்குத் தெரிந்த ஆறு பேருக்குத்தான் போன் செய்யும். 2021 நவம்பர் 17 அன்று கலிபோர்னியா விரிவுரையாளர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் தொடங்க இருந்தார்கள். அன்று அதிகாலையில்தான் உடன்பாடு வந்தது. முதல் நியமனம் ஓராண்டு, அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று ஆண்டு என்ற பாதுகாப்பு அதில் கிடைத்தது. இப்படி ஒரு வேலைநிறுத்தத்துக்குத் தயாராகும் மாதங்களில் துறைவாரியாக ஆள் திரட்டுபவர்கள், மறியலுக்குப் பெயர் எழுதுபவர்கள் எல்லாருமே அடுத்த தலைவர்கள். அவர்களிடம் நேரில் போய், "நீங்கள் நில்லுங்கள்" என்று கேட்க வேண்டும். பதவிக்கு வாரம் எத்தனை மணி நேரம் ஆகும், வகுப்புச் சுமையில் குறைப்பு உண்டா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தெரியாமல் நின்று, ஜெயித்து, அக்டோபரில் விலகுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முடிவு அறிவித்த பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆட்சேபம் சொல்ல எத்தனை நாள், யாரிடம் சொல்வது என்று முடிவோடு சேர்த்தே அறிவியுங்கள். அதை விசாரிப்பவர் போட்டியிட்டவராக இருக்கக் கூடாது. வாக்காளர் பட்டியலை, விடுபட்டுப் பிறகு சேர்த்த பெயர்களின் குறிப்போடு, அடுத்த தேர்தல் குழுவுக்குக் கொடுங்கள். எங்கள் கிளையில் இப்போது அந்தக் குறிப்பு ஒரு தனிப் பக்கமாக இருக்கிறது. முதல் வரியில் அன்று போன் செய்தவரின் பெயர்.