ஈஸ்டர் அதிகாலைச் செய்தி: யோவான் 21-ஐ எடுத்துப் பிரசங்கிப்பது எப்படி

கல்லறை திறந்திருந்தது என்று இருபது நிமிடம் சொல்லிவிட்டு, கடைசி இரண்டு நிமிடத்தில் 'ஊழியத்துக்கு ஒப்புக்கொடுங்கள்' என்று முடிக்கும் ஈஸ்டர் செய்திகள் அதிகம். கேட்கிறவருக்கு இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாது. உயிர்த்தெழுதலும் அழைப்பும் ஒரே கரையில் வந்து சேருகிற வேதபகுதி யோவான் 21: உயிர்த்தெழுந்த இயேசு கலிலேயா ஏரிக்கரையில் (வேதத்தில் 'கடல்') பேதுருவையும் மற்றச் சீஷரையும் சந்திக்கிற அதிகாரம். அதை எடுத்தால் பாலத்தை நாம் கட்ட வேண்டியதில்லை, வேதமே கட்டி வைத்திருக்கிறது.

தயாரிப்பைக் குருத்தோலை ஞாயிறு மாலையே தொடங்குங்கள். வியாழன் இரவு திருவிருந்து, பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை என்று வாரம் ஓடிவிடும். சனிக்கிழமை இரவு உட்கார்ந்தால் குரலும் இருக்காது, யோசனையும் ஓடாது. போன வருடச் செய்திதான் திரும்ப வரும்.

முதல் வேலை: பக்கத்தில் வைத்து வாசிப்பது

யோவான் 21 மட்டும் போதாது. லூக்கா 5:1-11, யோவான் 18:15-27, மாற்கு 16:1-8 மூன்றையும் சேர்த்து, சத்தமாக, இரண்டு முறை வாசியுங்கள். பிறகு ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் லூக்கா 5, வலப்பக்கம் யோவான் 21 என்று எழுதுங்கள். இரண்டிலும் இரவு முழுக்க மீன் இல்லை. இரண்டிலும் இயேசு சொன்னபடி வலை போட்டபின் வலை நிறைகிறது. ஆனால் லூக்காவில் வலை கிழிகிறது, யோவானில் கிழியவில்லை. லூக்காவில் பேதுரு, 'நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்' என்கிறான். யோவானில், 'அவர் கர்த்தர்' என்று கேட்டவுடன் கடலில் குதித்து அவரை நோக்கிப் போகிறான். நடுவில், இயேசுவின் சீஷன் அல்ல என்று மூன்று முறை மறுதலித்தவன் அவன். முன்னைவிடப் பெரிய பாவி, ஆனால் இப்போது விலகி ஓடவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைச் சபை பார்த்துவிட்டால் செய்தியில் பாதி முடிந்தது.

மாற்கு 16:7-ஐ மறந்துவிடாதீர்கள். கல்லறையில் இருந்த வாலிபன் பெண்களிடம், சீஷரிடத்துக்கும் பேதுருவினிடத்துக்கும் போய்ச் சொல்லுங்கள் என்கிறான். பேதுருவும் சீஷன்தானே, தனியாக அவன் பெயர் ஏன்? எருசலேமின் கல்லறையிலிருந்து கலிலேயாக் கரைக்குச் சபையைக் கூட்டிப்போக இந்தக் கேள்வியே போதும்.

கரிநெருப்பில் நிதானம் வேண்டும்

9-ஆம் வசனத்தில், கரையில் கரிநெருப்பு போட்டிருந்தது என்று வருகிறது. கிரேக்கத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடத்தில்தான் உண்டு. இன்னொன்று யோவான் 18:18, பிரதான ஆசாரியனுடைய வீட்டு முற்றம். அங்கே குளிர்காய்ந்துகொண்டுதான் பேதுரு மறுதலித்தான். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பிலும் இரண்டு இடத்திலும் 'கரிநெருப்பு' என்றே இருப்பதால், சபையாரே பைபிளைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வசனத்தையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லி, சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள். நனைந்த உடம்போடு கரையேறியவனுக்கு அந்தப் புகை எதை ஞாபகப்படுத்தியிருக்கும் என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை.

அடுத்து, 'என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா' என்று இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கும் கேள்விகள் எப்போது வருகின்றன என்று பாருங்கள். 'அவர்கள் போஜனம்பண்ணினபின்பு.' முதலில் அப்பமும் மீனும், பிறகுதான் பேச்சு. மறுதலித்ததைப் பற்றி இயேசு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. 'யோனாவின் குமாரனாகிய சீமோனே' என்றுதான் கூப்பிடுகிறார். யோவான் 1:42-ல் முதல்முறை சந்தித்த அன்று அழைத்த அதே பெயர். அழைப்பு முதலிலிருந்து, அதே இடத்திலிருந்து மறுபடியும் தொடங்குகிறது.

வழக்கமாகத் தவறு நடக்கும் இடங்கள்

'அன்பாயிருக்கிறாயா', 'நேசிக்கிறாயா' என்று தமிழிலேயே இரண்டு சொல் வருவதால், அவற்றுக்கான கிரேக்கச் சொற்களை அகாப்பே, பிலேயோ என்று பலகையில் எழுதி முழுச் செய்தியையும் அதன்மேல் கட்டுகிறவர்கள் உண்டு. அது தாங்காது. பிதா குமாரனை நேசிப்பதைச் சொல்ல யோவான் 3:35-ல் ஒரு சொல்லையும், 5:20-ல் மற்றச் சொல்லையும் பயன்படுத்துகிறார். இங்கே பேதுரு துக்கப்பட்ட காரணத்தை வசனமே சொல்கிறது: 'மூன்றாந்தரம்' கேட்டபடியினாலே. பாரம் அந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

வலையில் அகப்பட்ட 153 மீனுக்கு அர்த்தம் தேடி நேரத்தைக் கரைக்காதீர்கள். ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று ஆதிச்சபைப் போதகரான அகுஸ்தீன் காலத்திலிருந்தே விளக்கங்கள் உண்டு. எண்ணிப் பார்த்தவர்கள் மீனவர்கள், பெரிய மீன்கள், வலை கிழியவில்லை. அவ்வளவு சொன்னால் போதும். அதேபோல், மீன்பிடிக்கப் போனதற்காகப் பேதுருவைத் திட்டாதீர்கள். அந்த அதிகாரத்தில் இயேசு அவனைத் திட்டவில்லை, வலை நிறைய மீன் கொடுத்தார்.

18-ஆம் வசனத்தைத் தாண்டிப் போவதுதான் மிகப் பெரிய தவறு. 'உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்கு' கொண்டுபோவார்கள் என்று சொன்ன பிறகே 'என்னைப் பின்பற்றி வா' என்கிறார். அழைப்பை ஏற்றால் உயர்த்துவார் என்று மட்டும் சொல்லி வாலிபரை எழுப்பி நிறுத்தினால், முதல் கஷ்டத்திலேயே 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று அவர்கள் நினைப்பார்கள். அது அவர்கள் தப்பு அல்ல.

நேரம்

அதிகாலை ஆராதனைக்கு மூன்று மணிக்கே எழுந்து வந்தவர்கள் இருப்பார்கள், மடியில் பிள்ளைகள் தூங்கும். 21 நிமிடத்துக்குள் முடியுங்கள்: கல்லறையும் 'பேதுருவினிடத்துக்கும்' என்ற செய்தியும் 3 நிமிடம், ஏரியும் வலையும் 5, கரிநெருப்பும் மூன்று கேள்விகளும் 7, 'பின்பற்றி வா' 4, மௌனம் 2. போனில் நேரம் வைத்து ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நேரம் கூடினால் ஏரிப் பகுதியில் வெட்டுங்கள், கேள்விப் பகுதியில் கை வைக்காதீர்கள்.

கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை நடக்கும் சபை என்றால் கணக்கு வேறு. அங்கே மெழுகுவர்த்தியோடு தங்கள் வீட்டாரின் கல்லறைப் பக்கம் நிற்கிறவர்களிடம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். ஏரிக் கதையும் வேண்டாம். யோவான் 20-ல் அழுதுகொண்டிருந்த மகதலேனா மரியாளை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டதை மட்டும் சொல்லுங்கள். 'அழாதீர்கள்' என்று சொல்லவே சொல்லாதீர்கள்.

அழைப்பு கொடுக்கும் முறை

'யாரெல்லாம் ஒப்புக்கொடுக்கிறீர்கள், கை தூக்குங்கள்' என்று தொடங்க வேண்டாம். வாசலிலேயே ஆளுக்கு ஒரு சிறு சீட்டும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள். செய்தி முடிந்ததும் ஒரே கேள்வி: 'என் ஆட்டுக்குட்டிகளை மேய்ப்பாயாக என்றாரே, உங்களிடம் அவர் கொடுத்திருக்கும் ஆட்டுக்குட்டி யார்? ஒரு பெயர் எழுதுங்கள்.' படுக்கையில் கிடக்கும் மாமியாராக இருக்கலாம், ஓய்வுநாள் பள்ளிக்கு வராமல் நின்றுபோன பையனாக இருக்கலாம், நான்கு வருடமாகப் பேசாத அண்ணனாகவும் இருக்கலாம். சீட்டை வாங்காதீர்கள். அவரவர் பைபிளில் யோவான் 21-ல் வைத்துக்கொள்ளட்டும், பெந்தெகொஸ்தே பண்டிகை வரைக்கும் உள்ள நாட்களில் அந்தப் பெயருக்காக ஒரு காரியமாவது செய்யட்டும்.

முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு உண்டு என்று நினைக்கிறவர்களைத் தனியாக ஆயரைச் சந்திக்கச் சொல்லுங்கள். அன்றைக்கே பொருத்தனை பண்ணவைக்காதீர்கள். வீட்டாரோடு பேசட்டும், ஒரு வருடம் உள்ளூர்ச் சபையிலேயே பிள்ளைகளுக்கோ முதியவர்களுக்கோ பணி செய்யட்டும், அதைப் பார்த்துச் சபை என்ன சொல்கிறது என்று கேட்கட்டும். உண்மையான அழைப்பு அந்த ஒரு வருடத்தில் தேய்ந்து போகாது.

சீட்டு எழுதும்போது பக்கத்தில் இருப்பவர் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்ப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கென்றே 21, 22-ஆம் வசனங்களைக் கடைசிக்கு வைத்திருங்கள். 'ஆண்டவரே, இவன் காரியம் என்ன' என்று பேதுருவும் பின்னால் வந்த இன்னொரு சீஷனைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான். இயேசு கொடுத்த பதிலை விளக்கம் எதுவும் சேர்க்காமல் வாசித்துவிட்டு, மௌனத்துக்குப் போய்விடுங்கள்: 'உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றி வா.'