பிக்கார்டு ஒட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், தங்கச்சிமடம் பகுதித் தேவாலயப் பாடற்குழுக்களில் வாசிக்கும் இளைஞர்கள் என்னிடம் கொண்டுவரும் கிட்டார்களில், பிக்கார்டு (மீட்டும்போது பலகையில் கீறல் விழாமல் காக்க ஒலித்துளையருகே ஒட்டும் மெல்லிய தகடு) ஒட்டுவதில் தொடக்க காலத்தில் நான் செய்த அதே பிழைகளைப் பிறர் கைவண்ணமாக மீண்டும் காண்கிறேன். கோணலாக ஒட்டுவதையும் காற்றுக்குமிழியை உள்ளே விடுவதையும் ஒருமுறை பட்டாலே கற்றுக்கொள்ளலாம் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

உப்பைத் துடைக்காமல் ஒட்டுதல்

கடற்கரையோர வீட்டில் சன்னலருகே ஆணியில் தொங்கும் கிட்டாரின் முகப்பலகையை விரலால் தடவினால் மெல்லிய பிசுபிசுப்புத் தட்டுப்படும். அதில் தூசியோடு உப்பும் கலந்திருக்கிறது. லைட்டரில் ஊற்றும் நாப்தா, விரல் எண்ணெயையும் மெழுகையும் போக்குமே தவிர உப்பைக் கரைக்காது. ஆகவே நன்கு பிழிந்த ஈரத்துணியால் முதலில் துடைத்து, பலகை முழுக்க உலர்ந்த பின்பே நாப்தாவைத் தொட வேண்டும். பிக்கார்டைப் பிடித்திருக்கும், இருபுறமும் ஒட்டும் படலத்தின் அடியில் சிக்கிய உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதால், வாடைக்காற்று வீசும் மாதங்களில் ஓரம் தூக்கத் தொடங்கும்.

தூக்கிய ஓரத்தில் சூப்பர் குளூ விடுதல்

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். சென்ற மழைக்காலத்தில் வந்த ஒருவர், "அண்ணே, ஓரந்தான் லேசாத் தூக்குச்சு, ரெண்டே சொட்டுதான் விட்டேன்" என்றார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, அந்த இரண்டு சொட்டும் இடுக்கு வழியே பரவி, ஒலித்துளையைச் சுற்றிய அலங்கார வளையம் வரை சென்று உறைந்திருந்தன. வெளியே கசிந்த இடத்தில் லாக்கர் (மரத்தின் பளபளப்பான மேற்பூச்சு) சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருந்தது.

முகப்பலகைக்குப் பயன்படும் ஸ்ப்ரூஸ் மரம் ஈரத்தில் நார்களுக்குக் குறுக்காக விரிந்து, வறட்சியில் சுருங்கும். ஒட்டுப்படலம் அந்த அசைவுக்கேற்பச் சற்று இழுபட்டுக்கொடுக்கும். இறுகிய சூப்பர் குளூ கொடுக்காது. விட்டுக்கொடுக்காத பிணைப்பு என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. மார்ட்டின் நிறுவனத்தின் பழைய கிட்டார்களில் செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் பிக்கார்டை லாக்கர் பூசுமுன் மரத்தின்மீதே ஒட்டியதால், அது ஆண்டுக்கணக்கில் சுருங்கிப் பலகையைப் பிளந்ததை இத்தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

கழற்றும்போது நிலைமை இன்னும் மோசம். படலத்தை ஹேர் டிரையரால் மிதமாகச் சூடேற்றி, பல்லிடுக்கு நூலை அடியில் செலுத்தி இழுத்துக்கொண்டே வந்தால் பிரித்துவிடலாம். சூப்பர் குளூ அந்தச் சூட்டுக்கு மசியாது. அதைக் கரைக்கும் அசிட்டோன் லாக்கரையும் சேர்த்தே கரைத்துவிடும். என் முதல் கிட்டாரில் பொறுமையிழந்து பிடுங்கினேன். உள்ளங்கை அகலத்துக்கு மரநார் பிக்கார்டோடு பெயர்ந்து வந்தது. அந்த வடு இன்றும் அதில் இருக்கிறது. ஓரம் தூக்கினால் பிக்கார்டை முழுவதுமாகக் கழற்றி, பழைய படலத்தின் எச்சத்தை நாப்தாவால் நீக்கி, புதுப் படலம் வெட்டி ஒட்டுங்கள். ஒரு மாலைப்பொழுது வேலைதான்.

நுரை டேப்

கண்ணாடி ஒட்டுவதற்கானது, கிட்டாருக்கு வேண்டாம்.

காப்புத்தாளை ஒரேயடியாக உரித்தல்

படலத்தின் காப்புத்தாளை ஒரு விளிம்பில் மட்டும் உரித்து, மாஸ்கிங் டேப்பால் குறித்த இடத்தில் அந்த விளிம்பைப் பொருத்திய பின்பே மீதியை உரிக்கவும்.

அன்றே வாசித்தல்

அழுத்தி ஒட்டும் அக்ரிலிக் படலம் முழு வலுவை எட்ட ஏறக்குறைய 72 மணி நேரம் பிடிக்கும். சனிக்கிழமை இரவு ஒட்டிவிட்டு மறுநாள் காலைப் பூசைக்குத் தூக்கிச் செல்பவர்கள், வியாழக்கிழமை காலையிலேயே ஒட்டிவிடலாம்.