பிரசவ வார்டுக்கு அனுப்பும் முன் பழக்க வேண்டியவை

செவிலியர் மாணவிகளுக்கு ரத்த அழுத்தம் பார்க்கவும் கருவின் இதயத் துடிப்பைக் கேட்கவும் எவ்வளவு பொறுமையாகப் பழக்குகிறோமோ, அதே பொறுமையுடன் வறிய கர்ப்பிணியிடம் பேசவும் பழக்க வேண்டும். அது தானாக வந்துவிடும் என்று விட்டுவிட்டால், வார்டில் கேட்கும் அதட்டலைத்தான் மாணவி முதலில் கற்றுக்கொள்வாள்.

விளிச்சொல்லில் தொடங்குங்கள். நன்றாக உடுத்தி வருபவரிடம் 'உட்காருங்க மேடம்' என்னும் அதே வாய், செங்கல் சூளையிலிருந்து புழுதிக் காலோடு வரும் இருளர் பெண்ணிடம் 'அங்க போய் உட்காரு' என்று மாறிவிடுகிறது. அட்டையிலுள்ள பெயரைச் சொல்லி 'வாங்க, உட்காருங்க' என்று அழைப்பதை மாணவிகள் இருவர் இருவராக வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். முதல் நாள் சிரிப்பார்கள்; இரண்டாம் வாரத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

அடுத்தது கேள்வி கேட்கும் விதம். இரும்புச் சத்து மாத்திரை வாங்கிப்போனவரிடம் 'மாத்திரை ஏன் சாப்பிடல?' என்று கேட்டால், திட்டுக்குப் பயந்து 'சாப்பிட்டேன்' என்ற பொய்தான் பதிலாக வரும். 'மாத்திரை போட்டா உடம்புக்கு என்ன செய்யுதுங்க?' என்று கேட்டுப் பாருங்கள். குமட்டல், மலம் கறுப்பாகப் போகிறதே என்ற பயம், காலையில் வெறும் தேநீரோடு விழுங்கும் பழக்கம் எல்லாம் வெளிவரும். இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தேநீர் குறைக்கும், கறுப்பு மலத்துக்கு அந்த மாத்திரையே காரணம் என்று அப்போதுதான் விளக்க முடியும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருப்பவரிடம், அதாவது ரத்தசோகை உள்ளவரிடம், 'நல்லா சாப்பிடும்மா' என்று மட்டும் சொல்லி அனுப்புவதில் பயனில்லை. நேற்று இரவு வீட்டில் என்ன சமைத்தார்கள், அதில் அவருக்கு எவ்வளவு மிஞ்சியது என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். பரிசோதனைக்குத் தாமதமாக வந்தவரைக் கண்டிக்கும் முன், ஆயிரம் செங்கல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் குடும்பத்துக்கு ஒரு நாள் மருத்துவமனை என்றால் ஒரு நாள் வருமானம் போய்விடும் என்பதை மாணவி கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பிறகு ஒரு மாணவியைப் பரிசோதனை மேசையில் படுக்கவைத்து, திரையை விலக்கி, பத்துப் பேரைச் சுற்றி நிறுத்தி, அவளிடம் எதுவும் சொல்லாமல் அவளைப் பற்றி மட்டும் ஐந்து நிமிடம் பேசுங்கள். எழுந்தவள் சொல்வதை மற்றவர்கள் கேட்கட்டும். அதன்பின் முறையைக் காட்டுங்கள்: சிறுநீர் கழித்துவரச் சொல்வது, திரையை மூடுவது, கால்களைத் துணியால் போர்த்துவது, கையைச் சூடாக்கிக்கொள்வது, தொடும் முன் சொல்லிச் சம்மதம் பெறுவது. செய்முறைத் தேர்வில் இவற்றுக்குத் தனி மதிப்பெண் ஒதுக்காவிட்டால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிரசவத்தின்போது பெண் விரும்பும் துணை உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்ததையும் பாடத்தில் சேருங்கள்.

வார்டில் மூத்த செவிலியர் ஒருவர் தாயைத் திட்டினால் என்ன செய்வது என்று மாணவிகள் நிச்சயம் கேட்பார்கள். அந்த இடத்தில் எதிர்த்து வாதிட வேண்டாம், தாயின் அருகே போய் நின்று கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள் என்றும், மாலையில் ஆசிரியையிடம் நடந்ததைத் தாயின் பெயரின்றி எழுதிக் கொடுங்கள் என்றும் சொல்லிவையுங்கள். அதை வார்டுப் பொறுப்பாளரிடம் எடுத்துச் செல்ல வேண்டியவர் ஆசிரியை. அந்தச் சுமையை மாணவியின் தலையில் வைக்கக் கூடாது.