செட்டிநாட்டுப் பாறைக்கு ஒரு பக்கி வண்டி: பட்டறையில் கட்டுவோருக்கு

பாறை ஏறும் பக்கி வண்டியை, அதாவது குழாய்க் கூண்டும் பெரிய டயரும் கொண்ட திறந்த வண்டியை, கட்ட நினைப்போர் பெரும்பாலும் இன்ஜினில் தொடங்குகிறார்கள். கையிலிருக்கும் பணமும் அங்கேயே கரைந்துவிடுகிறது. தொடங்க வேண்டிய இடம் டயர். டயரின் உயரம் முடிவானால்தான் ஆக்சில் எவ்வளவு சுமை தாங்க வேண்டும், கியர் சக்கரத்தின் வேகத்தை எவ்வளவு குறைக்க வேண்டும், சட்டகம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகும். கியர் சரியாக அமைந்தால் பழைய மாருதி ஜிப்சியின் 1300 சிசி இன்ஜினே இந்த வேலைக்குப் போதுமானது என்பது என் கருத்து.

ஓட்டப்போகும் நிலத்தையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். காரைக்குடியைச் சுற்றியுள்ள செம்புராங்கல் பூமி, மழைநீர் அரித்த இடங்களில் படிபடியாக உடைந்து நிற்கும். சக்கரம் வீணாகச் சுழன்றால் அந்த விளிம்பு பொடிந்து, ஏற வேண்டிய படியே காணாமல் போய்விடும். திருமயம், பிரான்மலைப் பக்கத்துக் கருங்கல்லோ காய்ந்திருக்கும்போது ரப்பரை நன்றாகப் பிடிக்கும், ஈரமானால் வழுக்கும். இரண்டிலுமே வெற்றி வேகத்தால் வருவதில்லை, மிக மெதுவாகச் சக்கரத்தைச் சுழற்றுவதால் வருகிறது.

அதைக் கணக்கிடுவது எளிது. முதல் கியரின் விகிதம், டிரான்ஸ்ஃபர் கேஸின் (இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் கியர்பெட்டி) லோ விகிதம், ஆக்சிலின் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். உதாரணமாக 4, 2.5, 4.1 என்று வைத்துக்கொண்டால் பெருக்குத்தொகை 41. இன்ஜின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றும்போது, 35 அங்குல டயர் உள்ள வண்டி மணிக்கு ஏறக்குறைய 3.3 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். நடப்பவரின் வேகத்தை நெருங்கும் இது, பாறைக்கு இன்னும் அதிகம்தான். அதே 2.5 விகிதத்தில் இரண்டாவது டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்றை வரிசையில் சேர்த்தால் மொத்த விகிதம் 102.5 ஆகி, வேகம் 1.3 கிலோமீட்டராகக் குறையும். அப்போதுதான் கிளட்சை மிதித்து மிதித்துக் கருக்காமல், சக்கரம் கல்லின்மேல் அமரும் வரை பொறுமையாக ஓட்ட முடியும். ஆனால் இவ்வளவு முறுக்குவிசையும் கடைசியில் ஆக்சில் தண்டின் தலையில்தான் விழுகிறது என்பதால், 35 அங்குல டயரை ஜிப்சியின் மெல்லிய ஆக்சிலில் மாட்டுவது அறிவுடைமை ஆகாது. பழைய மகிந்திரா ஜீப்புகளின் கனமான முழு ஆக்சில்களைச் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடிப் பார்க்கலாம். ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) வளைந்திருக்கிறதா என்று லேத்தில் ஏற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

சாதாரண டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்பு) உள்ள ஆக்சிலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கினால், அந்தச் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்க, கல்லின்மேல் இருப்பது அசையாமல் நின்றுவிடும். எனவே இரண்டு ஆக்சிலுக்கும், இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் லாக்கர் தேவை. செலவைக் குறைக்கப் பின் டிஃபரென்ஷியலின் உள்ளே இருக்கும் ஸ்பைடர் கியர்களை வெல்டிங் வைத்து இறுக்குவோர் உண்டு; பாறைக்கு மட்டுமே பயன்படும் வண்டியில் அதை ஏற்கலாம். முன்புறம் அப்படிச் செய்தால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும் என்பதால், வேண்டும்போது மட்டும் பூட்டும் லாக்கரை முன்னால் வைப்பதே நல்லது.

சட்டகத்துக்கு வருவோம். 44 முதல் 48 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள சீம்லெஸ் (நீள ஒட்டு இல்லாத) பைப்பே வேண்டும். கேட் செய்து பழகிய பட்டறைக்காரர் கையிலிருக்கும் ஜி.ஐ. குழாயைக் காட்டி 'இதுவும் இரும்புதானே' என்பார். உருண்டு விழும் வண்டியில் அது தலையைக் காக்காது, மேலும் அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் நச்சுப் புகையாக மாறும். வளைவில் மடிப்பு விழுந்த குழாயைத் தயங்காமல் கழித்துவிட வேண்டும். ஒவ்வொரு கட்டமும் முக்கோணமாக முடிய வேண்டும். குழாய்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் மீன்வாய் வடிவில் வெட்டி, வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பொருத்திய பிறகே வெல்டிங் வைக்க வேண்டும். இருக்கையும் பெல்ட்டும் தகரத் தளத்தில் அல்லாமல் இந்தக் கூண்டிலேயே போல்ட் செய்யப்பட வேண்டும்.

சஸ்பென்ஷனை முழு வெல்டிங்குக்கு முன்பு, புள்ளி வெல்டிங்கில் இருக்கும்போதே சோதித்துக்கொள்வது பல நாள் வேலையை மிச்சப்படுத்தும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, இடது முன்சக்கரத்தையும் வலது பின்சக்கரத்தையும் ஜாக்கி வைத்து முழுவதும் மேலே தூக்கி, மற்ற இரண்டையும் முழுவதும் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். ஆக்சிலைச் சட்டகத்தோடு இணைக்கும் லிங்க் தண்டில் டயர் உரசுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட் முட்டுகிறதா என்பவை அந்த ஒரு நிலையில் வெட்டவெளிச்சமாகும். பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் இயன்றவரை தாழ்வாக வையுங்கள். வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் வெளியேறாதபடி டேங்கின் காற்றுக்குழாயில் வால்வு இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நகராமல் நிற்கும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்காது. பெரிய ரேடியேட்டரும் மின்விசிறியும் இன்றியமையாதவை.

டயர் காற்றை 10 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால்தான் ரப்பர் கல்லைத் தழுவும். டயரின் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் ரிம் இல்லாவிட்டால் அந்த அழுத்தத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடக்கூடும். காற்று இறங்கிய டயரின் பக்கச்சுவர் பிதுங்கி நிற்பதால், நம் பக்கத்துச் சீமைக்கருவேல முள் அங்கேதான் ஏறும். பாறை வரை போகும் பாதையை அரிவாளால் ஒதுக்கிவிட்டே வண்டியை இறக்குங்கள்.

சட்டத்தை மறக்கலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே இந்தப் பக்கியைச் சாலையில் ஓட்டக் கூடாது, லாரியில் ஏற்றிச் சென்று, உரிமையாளர் அனுமதி தந்த தனியார் நிலத்தில்தான் ஓட்ட வேண்டும். திருமயம் கோட்டைப் பாறையும் சித்தன்னவாசலும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அவற்றின் பக்கம் டயர் திரும்பவே கூடாது. கைவிடப்பட்ட கல்குவாரியில் நீர் நின்றால் ஆழம் தெரியாது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

முதல் ஓட்டத்தில் முழங்கால் உயரக் கல் போதும். வண்டிக்கு வெளியே ஒருவர் நின்று சைகை காட்ட வேண்டும். அவர் வண்டியின் இறக்கப் பக்கத்தில் நிற்கக் கூடாது. அரை மணி நேரம் ஓட்டிய பின் நிறுத்தி, லிங்க் போல்ட்டுகள் அனைத்தையும் டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) மறுபடி முறுக்கி, வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, ஆக்சில் எண்ணெயைச் சிறிது இறக்கி அதில் இரும்புத் துகள் மின்னுகிறதா என்று சோதித்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போகலாம்.